டைவுக்கு முந்தின நாளே தண்ணீர் குடிக்க ஆரம்பியுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து கேரளத்துக் கோவளம் வந்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் கடலில் இறங்கி, சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டே நீருக்குள் நீந்தும் ஸ்கூபா பயிற்சியை முடிக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். வெறும் வயிற்றோடு வா என்கிறார் ஒருவர், வயிறு நிறையச் சாப்பிட்டு வா என்கிறார் இன்னொருவர், யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: படகில் கழிப்பறை கிடையாதாம், அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடலாமா? எனக்கு அந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. இட்லியா புட்டா என்பதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பெரிய நஷ்டமில்லை. தண்ணீர் குடிக்காமல் டைவுக்கு வருவது அப்படியில்லை. எனவே அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. 14 வருடமாக விழிஞ்ஞம், கோவளம் பகுதியில் ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறேன். டாக்டர் இல்லை. பயிற்றுநர் படிப்பில் சொல்லிக்கொடுத்ததும், டைவிங் மருத்துவர்களின் வகுப்புகளில் கேட்டதும், படகில் ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டதும்தான் என் கையில் இருப்பது. உங்களுக்கு நோய் ஏதாவது இருந்தால், தினசரி மாத்திரை ஏதாவது சாப்பிட்டால், நான் சொல்வதற்கு மேல் டாக்டர் சொல்வதுதான் செல்லும்.

தண்ணீருக்குள் இருக்கும்போது உடம்பு எப்படி வற்றும் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்தான். மூன்று வழிகளில் வற்றுகிறது. முதலாவது மூச்சு. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று, வெளியே விட்டால் ஏறக்குறைய 2,400 லிட்டர் வரும். சிலிண்டரும், வாயில் கடித்துக்கொண்டு சுவாசிக்கும் ரெகுலேட்டரும் கெடாமலிருக்க, அடைக்கும்போதே அதிலிருக்கும் ஈரத்தை எல்லாம் எடுத்துவிடுவார்கள். அந்த வறண்ட காற்றை நுரையீரலுக்குள் இழுக்கும் ஒவ்வொரு முறையும், அதை ஈரமாக்கும் வேலை உங்கள் உடம்புக்கு. முதல் டைவ் முடிந்து மேலே வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பாருங்கள்.

இரண்டாவது சிறுநீர். தரையில் நிற்கும்போது ரத்தத்தில் கணிசமான பங்கு கால் பக்கம் இறங்கி நிற்கும். தண்ணீரில் மூழ்கியதும் சுற்றியுள்ள அழுத்தம் அதை நெஞ்சுப் பக்கம் தள்ளிவிடுகிறது. இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பு அதை ‘ரத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது’ என்று எடுத்துக்கொண்டு, தண்ணீரை வெளியேற்றச் சொல்லிச் சிறுநீரகத்துக்கு உத்தரவு கொடுக்கிறது. அதனால்தான் இறங்கிக் கால் மணி நேரத்தில் சிறுநீர் முட்டும். கடல் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடும். இதில் கவனிக்க வேண்டியது, நீங்கள் தண்ணீர் குடிக்காமல் வந்தாலும் இது நடக்கும் என்பது. குடிக்காமல் வந்தால் சிறுநீர் வராது என்ற கணக்கே தப்பு. வரும். இருப்பில் இருப்பதை எடுத்துத்தான் வரும்.

மூன்றாவது வியர்வை. நம் கரையில் அக்டோபர் முதல் மே வரைதான் டைவிங் காலம். தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், படகும் இறக்க முடியாது. அந்த மார்ச், ஏப்ரல் வெயிலில், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது, ரப்பர் வெட்ஸூட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு படகில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? உள்ளே இருப்பதெல்லாம் ஒழுகிவிடும். ஸூட்டை இடுப்புவரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் இடம் வந்த பிறகு கையை நுழைத்து ஜிப்பை இழுத்தால் போதும். சிக்கனமாகத் தண்ணீரை மிச்சப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

சரி, வற்றினால் என்ன? தலைவலி, தசைப்பிடிப்பு, களைப்பு, கவனக்குறைவு எல்லாம் வரலாம். டிகம்ப்ரஷன் நோய் வருமா என்பதில்தான் எது உறுதி, எது அனுமானம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஆழத்தில் அழுத்தத்தால் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைகிறது. மேலே வரும்போது அது மெல்ல வெளியேற வேண்டும். வேகமாக ஏறினால், அல்லது அளவுக்கு மீறி ஆழத்தில் இருந்தால், குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கிக்கொள்ளும். உடம்பில் நீர் குறைந்தால் ரத்த ஓட்டம் குறையும், நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதமாகும் என்பது கேட்க நியாயமான விளக்கம். 2006-ல் வெளியான ஒரு பன்றி ஆய்வில், நீர் வற்ற வைத்த பன்றிகளுக்கு இந்த நோய் கடுமையாகவும் சீக்கிரமாகவும் வந்தது. ஆனால் அந்தப் பன்றிகள் அழுத்தத்தில் இருந்ததோ ஒரு நாள் அளவுக்கு. நாம் முக்கால் மணி நேரம் போய் வருகிறோம். எட்டு ராணுவ டைவர்களை வைத்துச் செய்த இன்னொரு சிறிய ஆய்வில், டைவுக்கு முன் நீர் குடித்துவிட்டு இறங்கியபோது அவர்களின் ரத்தத்தில் குமிழிகள் குறைவாகத் தெரிந்தன. எட்டுப் பேரை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாது. ஆக, நீர் வற்றுவது அபாயத்தைக் கூட்டும் என்று டைவிங் மருத்துவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். எவ்வளவு கூட்டும் என்று மனிதருக்கு எண் போட்டுச் சொல்ல யாராலும் முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: நிறையத் தண்ணீர் குடித்துவிட்டேன் என்ற தைரியத்தில் வேகமாக மேலே ஏறக் கூடாது. ஆழமும் நேரமும் ஏறும் வேகமும்தான் முதல் காவல். தண்ணீர் அதற்குப் பிறகுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், மே மாதம். அப்போது நான் இருந்த சென்டரில் ஆள் பற்றாக்குறை, ஒரு நாளைக்கு மூன்று டைவ். படகில் ஆண்களே அதிகம். இறங்கி ஒதுங்க இடமில்லை என்று விடியற்காலை பால் இல்லாத ஒரு கட்டன்சாயாவோடு நிறுத்திக்கொண்டு, மாலை கரைக்கு வந்துதான் தண்ணீரையே தொடுவேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தலை பிளந்தது. இடது முழங்கையில் ஆழமாக ஒரு வலி. அமுக்கினால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. காலையிலிருந்து சிறுநீர் கழித்ததே ஒரு தடவைதான், அதுவும் கட்டன்சாயா நிறத்தில். ஆக்சிஜன் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரத்தில் வலி அடங்கியது, மருத்துவமனையில் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். அது டிகம்ப்ரஷன் நோய்தானா, நாள் முழுக்க சிலிண்டர் தூக்கிய வலியா என்று பார்த்த டாக்டர் தீர்த்துச் சொல்லவில்லை. ஆனால் வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்த நாட்கள் அத்தோடு முடிந்தன. படகில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் நானே தனியாகப் போய் இதைச் சொல்வதற்குக் காரணம் அந்த முழங்கைதான்.

இனி கழிப்பறை. வெளிப்படையாகவே சொல்கிறேன். வெட்ஸூட்டுக்குள் சிறுநீர் கழிப்பது உலகம் முழுவதும் டைவர்கள் செய்வதுதான். கடலுக்குள், இறங்கிய பிறகு, கழுத்துப் பக்கம் ஸூட்டை இழுத்துவிட்டால் கடல்நீர் உள்ளே புகுந்து அலசிவிடும். கரைக்கு வந்ததும் ஸூட்டை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், நீங்களும் குளிக்க வேண்டும். அப்படியே மணிக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் தோல் புண்ணாகும். வாடகை ஸூட் என்று தயங்க வேண்டாம், நல்ல சென்டர்களில் அவற்றைக் கிருமிநாசினியில் முக்கியே உலர்த்துவார்கள். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், டைவுக்குப் பத்து நிமிடம் முன்னதாக, ஸூட் போடுமுன் கடலில் குதித்து, படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். பயிற்றுநரிடம் ‘கொஞ்சம் முன்னாலேயே இறங்கிக்கொள்கிறேன்’ என்று சொன்னால் போதும், ஏன் என்று எவரும் கேட்க மாட்டார்கள். கிளம்புமுன் கரையில் ஒரு தடவை போய்விட்டு ஏறுங்கள்.

எவ்வளவு குடிப்பது? ஆளுக்கு இத்தனை லிட்டர் என்று நான் சொல்ல மாட்டேன். உடல்வாகும் வெயிலும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீர் நிறத்தில் இருந்தால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் பற்றாக்குறை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தண்ணீர் போதுமான அளவு இருந்தாலும் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அவர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மணிக்கொரு டம்ளராகக் குடிக்க ஆரம்பியுங்கள். சனிக்கிழமை எழுந்ததும் இரண்டு டம்ளர். பிறகு படகு ஏறும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. விடிந்ததும் பதறிப்போய் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டரைக் கவிழ்த்துக்கொள்வதில் பயனில்லை, பாதி நேராகச் சிறுநீருக்குத்தான் போகும். அதில் வேறு ஆபத்தும் உண்டு. நீரில் இருக்கும்போது நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொண்டு மூச்சுத் திணறும் ஒரு பாதிப்பு சிலருக்கு வருகிறது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் கூடுதலாகப் பார்க்கிறார்கள். டைவுக்குச் சற்று முன் அளவுக்கு மீறிக் குடிப்பதும் அதற்குத் துணை போகலாம் என்று சந்தேகிக்கிறார்கள். தண்ணீர் நல்லதுதான், அதிலும் அளவு வேண்டும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பும் குறையும். நம் ஊரில் இதற்குக் கடையில் போய்ப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், மோர், கேரளக்காரர்கள் சம்பாரம் என்று இஞ்சியும் பச்சைமிளகாயும் தட்டிப் போட்டுத் தருவது எல்லாமே அருமையானவை. மிளகாயை மட்டும் டைவ் அன்று குறைத்துக்கொள்ளுங்கள். கருக்கு, அதாவது இளநீர், நல்லது. ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் போகும் சோடியம் குறைவு. கருக்கு குடித்துவிட்டேனே என்று மோரை விட வேண்டாம். வியர்த்துக் கொட்டும் நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை அதில் போட்டிருக்கும் அளவுப்படி, 21 கிராம் பொட்டலமானால் முழு ஒரு லிட்டரில், கரைத்து வைத்துக்கொள்ளலாம். அரை லிட்டரில் கரைத்தால் வயிற்றைக் கலக்கும். காலையில் வழக்கமாகக் குடிக்கும் ஒரு சாயாவோ காப்பியோ உடம்பை வற்றவைக்காது, பழகியவர்கள் அதை விட வேண்டியதில்லை. விட்டால் தலைவலிதான் வரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வெறும் வயிறு என்ற யோசனை எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மாமா சிப்பி குளிக்கிறவர். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூச்சைப் பிடித்து மூழ்கிப் பெயர்த்தெடுப்பார். விடிகாலை ஒரு கட்டன்சாயா, அவ்வளவுதான். திரும்பி வந்துதான் கஞ்சியும் பயறும். வயிறு நிறைந்திருந்தால் நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க முடியாது, அவர் செய்தது அவர் தொழிலுக்குச் சரி. ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கவே கூடாது, விடாமல் சுவாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரம் வேலை செய்ய வேண்டும். கடல் 28 டிகிரி இருந்தாலும் உடம்பைவிடக் குளிர்ச்சிதான், தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டை ஈடுகட்ட உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். பட்டினியாக இறங்குகிறவர்களுக்கு இரண்டாவது டைவில் நடுக்கம் வருகிறது, படகில் குமட்டலும் கூடுகிறது.

அதற்காக முட்ட முட்டச் சாப்பிடவும் வேண்டாம். இறுக்கமான ஸூட், அதன்மேல் இடுப்பைச் சுற்றி ஈயக்கட்டிப் பட்டை, உள்ளே போனதும் கிடைமட்டமாக, சில நேரம் தலை கீழாக நீந்தல். வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறி வர இதைவிட வசதி வேண்டாம். எண்ணெய் மிகுந்த சாப்பாடு வயிற்றைவிட்டு மெல்லத்தான் இறங்கும். பொரோட்டாவும் பீஃப் ஃபிரையும் ஞாயிறு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். படகு எட்டு மணிக்கு என்றால் ஆறு, ஆறரைக்குள் மூன்று இட்லி, அல்லது புட்டும் பழமும், அல்லது இரண்டு ஆப்பம், கூடவே அவித்த ஏத்தம்பழம் பாதி. முட்டை பழக்கமென்றால் ஒன்று. புதிதாக எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

புட்டு என்றால் கடலைக்கறி இல்லாமலா என்று கேட்பீர்கள். இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடலை, பயறு, முட்டைகோஸ் எல்லாம் வாயுவாவது வயிற்றில் இல்லை, பெருங்குடலில். அங்கே போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால் காலையில் தின்ற கடலை மத்தியானம்தான் தொல்லை கொடுக்கும். சனிக்கிழமை காலை டைவுக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை. 18 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் 2.8 மடங்கு. அங்கே குடலில் உண்டாகும் ஒரு கைப்பிடி வாயு, மேலே வரும்போது ஏறக்குறைய மூன்று கைப்பிடி ஆகும். பெரும்பாலும் அது தன் வழியில் வெளியேறிவிடும், வெட்கப்பட்டு அடக்காதீர்கள். வலி வந்தால் ஏறுவதை நிறுத்தி, கொஞ்சம் கீழே இறங்கி, பயிற்றுநருக்குச் சைகை காட்டுங்கள். சோடா சர்பத்தும் இதே காரணத்துக்காகத்தான் டைவுக்கு முன் வேண்டாம். முதல் முறை இறங்குகிறவர்கள் பயத்தில் காற்றை விழுங்குவதும் உண்டு. மூச்சை நிதானமாக விட்டு இழுத்தாலே அது பாதி குறையும்.

கடல் மயக்கம் உங்களுக்கு வருமா என்று எழுதவில்லை. பஸ்ஸில் மலையேறினால் வாந்தி வரும் என்றால் படகிலும் எதிர்பாருங்கள். ஒரு துண்டு இஞ்சி மெல்வதும் சுக்குக் காப்பியும் சிலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் இல்லை. அவோமின் போன்ற மாத்திரை தூக்கம் கொடுக்கும். ஆழத்தில் நைட்ரஜனே கொஞ்சம் மந்தமாக்கும், அதோடு மாத்திரை மயக்கமும் சேரக் கூடாது. வேண்டுமென்றால் டாக்டரைக் கேட்டு, முன்பே ஒரு நாள் வீட்டில் சாப்பிட்டு எப்படியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். தண்ணீருக்குள் வாந்தி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றாதீர்கள். கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுங்கள், பிறகு பட்டனை அழுத்தினால் காற்று அடித்துச் சுத்தமாகிவிடும். கழற்றினால் வாந்திக்குப் பின் வரும் இழுப்பில் கடல்நீர் உள்ளே போகும்.

இரண்டு டைவுக்கு இடையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அப்போது இரண்டு மட்டிப்பழம், ஒரு கடலை மிட்டாய், ஒரு டம்ளர் மோர் போதும். பசிக்கிறது என்று படகில் வரும் பழம்பொரிப் பொட்டலத்தில் கை வைக்க வேண்டாம்.

சனிக்கிழமை இரவு மது குடிக்காதீர்கள் என்று ஆண்களிடம்தான் வழக்கமாகச் சொல்வேன், எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கள்ளுக்கடை திறந்திருக்கிறது என்பதால் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு அதுவும் பயணத்தில் ஒரு பகுதி. கள்ளானாலும் மது மதுதான். சிறுநீரைக் கூட்டும், தூக்கத்தைக் கெடுக்கும். டைவ் முடிந்த இரவும் வேண்டாம், ஏனென்றால் தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தால் அது போதையா டிகம்ப்ரஷன் நோயா என்று பார்க்கிறவருக்குப் புரியாது.

நோன்பு இருக்கும் நாட்களில் பகலில் டைவ் வேண்டாம், தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நல்ல சென்டரும் மறுக்காது. இன்சுலின் போடுகிறவர்களுக்கு 2005-ல் வந்த வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது: இறங்குமுன் சர்க்கரை 150-க்குக் குறையாமலும், மேலும் குறைந்துகொண்டே போகாமலும் இருக்க வேண்டும், 300-ஐத் தாண்டியிருந்தால் அன்று டைவ் இல்லை. இது டாக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதி இருப்பவர்களுக்கு மட்டும். ரத்தக்கொதிப்புக்குச் சிறுநீர் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டைவுக்காகத் தாமாகவே அதை நிறுத்தக் கூடாது, அதையும் டாக்டரிடம்தான் பேச வேண்டும். மருத்துவப் படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

ஞாயிறு டைவ் முடிந்ததும் பொன்முடி ஏறிப் பார்க்கலாம் என்று நண்பர்கள் இழுத்தால் போகாதீர்கள். அது சுமார் 1,100 மீட்டர் உயரம், உடம்பில் நைட்ரஜன் மிச்சமிருக்கும்போது அந்த உயரத்துக்கு ஏறுவது ஆபத்து. விமானமும் குறைந்தது 18 மணி நேரத்துக்குப் பிறகுதான். மார்த்தாண்டத்துக்கு பஸ்ஸில் போவதில் பிரச்சினை இல்லை. இரண்டு லிட்டர் பாட்டிலில் உங்கள் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள், அப்போதுதான் எவ்வளவு குடித்தோம் என்று கணக்கு தெரியும். மீதி இருந்தால் பாறசாலை வருவதற்குள் பஸ்ஸிலேயே குடித்து முடித்துவிடுங்கள். களியக்காவிளையில் இறங்கினால் கழிப்பறை இருக்கிறது.